நாற்பத்தோராம் வட்டத்தின் கசிவு

காலை ஐந்தரை மணிக்கே ஆடிக் காற்று எழுந்துவிட்டது. தேரி மேடுகளின் செம்மணலை வாரிக்கொண்டு வந்து நாற்பத்தோராம் வட்டத்தின் தெருக்களில் கொட்டிக்கொண்டிருந்தது. வடிவு முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு வால்வுக் குழிக்கு வந்தபோது, மாசானம் இரும்பு மூடியைப் புரட்டி வைத்துவிட்டு விளிம்பில் குந்தியிருந்தார். அவர் அந்த வட்டத்தின் வால்வுக்காரர். அவள் அதே வட்டத்தின் நீர்வளப் பொறியாளர். பத்தொன்பது வருடங்களாக இருவருக்கும் பொழுது விடிவது இந்தக் குழியில்தான்.

"திறக்கட்டுமா மேடம்?"

"திறங்க அண்ணாச்சி. பங்காளி முழிச்சாச்சு."

பங்காளி என்பது ஆள் இல்லை. தேரிக்கரை மாநகரத்தில் மிஞ்சியிருக்கும் அறுபது வட்டங்களுக்கும் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கும் பங்கீட்டுக் கணிப்பானுக்கு ஊர் வைத்த பெயர். பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த பங்காளி ஒரு செங்கல்லைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டான் என்று எவனோ கேலியாக வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. மாநகராட்சியின் சுற்றறிக்கைகளைத் தவிர வேறெங்கும் அதன் உண்மைப் பெயரைக் காண முடியாது.

மாசானம் நீளமான சாவியைக் குழிக்குள் இறக்கிச் சுற்றினார். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. முப்பத்துநான்கு சுற்று. குழாய்க்குள் முதலில் காற்று முனகியது, பிறகு தண்ணீர் வந்தது. இந்நேரம் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு முத்திரைக் குழாயின் முன்னால் நின்றிருப்பார்கள். கையைக் காட்டினால் தலைக்கு முப்பது லிட்டர். அளவு முடிந்ததும் குழாய் தானே வாயை மூடிக்கொள்ளும். தெருக்குழாய்ச் சண்டை என்ற ஒன்று இந்த ஊரில் இல்லாமல் போய் முப்பது வருடம் ஆகிறது. சண்டை போட எதிரே ஒரு ஆள் வேண்டுமே, சுவரோடு யார் மல்லுக்கட்டுவது?

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைமடைக்குப் போனார்கள். வட்டத்தின் குழாய் முடிகிற இடம் அது. அதற்கு அப்பால் உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கிகள், அதற்கும் அப்பால் கடல். குழாயின் கடைசி முனையில் தேங்கும் வண்டலைக் கழுவித் தள்ளுவதற்கு அங்கே ஒரு சின்ன வால்வு இருந்தது. தொழிலில் அதை வாஷவுட் என்பார்கள். விதிப்படி மாதத்தில் ஒரு நாள், இரண்டு நிமிடம் திறந்தால் போதும். மாசானம் தினமும் ஆறு மணிக்குத் திறந்தார். பதினேழு சுற்று. தண்ணீர் கிட்டங்கியின் பின்புறமிருந்த உப்புத் தொட்டிக்குள் பாய்ந்தது. ஆறேகாலுக்கு மூடினார். எந்த வால்வையும் அவர் முழுக்க இறுக்க மாட்டார். இறுக்கிவிட்டு அரைச் சுற்று பின்னால் விடுவார். "தொண்டையை நெரிக்கக் கூடாது மேடம், பொறவு மறுநாள் வாயத் திறக்காது" என்பார்.

வடிவு கைப்பலகையில் தினசரிப் படிவத்தைத் திறந்தாள். வட்டத்துக்குள் வந்த தண்ணீரின் அளவும், வீடுகள் எடுத்த அளவும் தாமாகவே ஏறியிருந்தன. இரண்டுக்கும் நடுவில் காணாமல் போன தண்ணீருக்கு ஒரு காரணம் சொல்வது அவள் வேலை. துரு, மூட்டு, வேர் என்று மூன்று காரணங்கள் படிவத்தில் உண்டு. நேற்று துரு என்று தொட்டிருந்தாள். இன்றைக்கு மூட்டு.

அதற்குக் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை யாரும் படிப்பதில்லை என்பது அறுபது வட்டத்துப் பொறியாளர்களுக்கும் தெரியும். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் எரிச்சலில் வடிவு அதில் 'கேண்டீன் சாம்பாரில் உப்பு அதிகம்' என்று எழுதி அனுப்பிப் பார்த்தாள். கேள்வியும் வரவில்லை, மெமோவும் வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கட்டம் அவளுக்குப் பாழுங்கிணறு. கல்லைப் போட்டால்கூடச் சத்தம் கேட்காது.

படிவம் போனதும் பலகை அதிர்ந்தது. வழக்கமான ஏற்புச் செய்தி என்று நினைத்துத்தான் பார்த்தாள்.

'இவ்வாண்டு அவிழ்ப்புப் பட்டியல். முதலிடம்: வட்டம் 41. கசிவு: பதினெட்டே முக்கால் சதவீதம். மறுஅளவு: வெள்ளி, காலை 6.00.'

"என்ன மேடம்?" என்றார் மாசானம்.

அவள் பலகையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க நேரம் பிடித்தது. படித்து முடித்ததும் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த முகத்தில் மணல்தான் ஒட்டியது.

தேரிக்கரைக்கு ஆறு இல்லை, ஏரி இல்லை. கடல்நீரை வடிகட்டும் சவ்வு ஆலைகள்தான் தாயும் தகப்பனும். அந்தச் சவ்வுகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது, புதியவை செய்யத் தெரிந்த நாடுகள் கப்பல் அனுப்புவதை நிறுத்தியிருந்தன. வருடத்துக்கு ஒரு வட்டம் குடிக்கும் அளவு தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார்கள். முப்பதுக்குக் கீழே போனபோது கொள்ளைநோய் வந்தது. அதன் பிறகுதான் ஆடி மாதத்தில் ஒரு வட்டத்தை அவிழ்ப்பது என்று சட்டம் வந்தது. குழாய்களைத் தோண்டி எடுத்து மற்ற வட்டங்களுக்குக் கொடுப்பார்கள். ஆள்களை ரயிலேற்றி வடக்கு முகாம்களுக்கு அனுப்புவார்கள். போனவர்களிடமிருந்து முதல் வருடம் கடிதம் வரும். இரண்டாம் வருடம் எப்போதாவது ஒன்று வரும். மூன்றாம் வருடம் யாருக்கும் வந்ததில்லை.

எந்த வட்டத்தை அவிழ்ப்பது என்பதைப் பங்காளி தீர்மானித்தது. எந்த வட்டம் அதிகமாகத் தண்ணீரைக் கசியவிடுகிறதோ, அது. யாருக்கும் பயன்படாமல் மண்ணுக்குப் போகிற தண்ணீர்தானே, அந்தக் குழாயை எடுத்தால் நஷ்டம் குறைவு. கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. வடிவுக்கும் பட்டது.

ஆனால் நாற்பத்தோராம் வட்டத்தின் கசிவு மண்ணுக்குப் போகவில்லை. பதினோரு வருடங்களுக்கு முன்னால் பெரும்புயல் வந்து கடலோரக் கிராமங்கள் முழுகியபோது தொண்ணூறு பேர் நடந்து வந்து உப்புக் கிட்டங்கியில் ஒதுங்கினார்கள். நகரத்தில் புதிதாக வருகிறவர்களைப் பதிவது அதற்கு மூன்று வருடம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. பதிவில்லாத கைக்கு முத்திரைக் குழாய் திறக்காது. நாலாம் நாள் காலையில் ஒரு கிழவர் வாஷவுட் குழியில் தேங்கிய சேற்றுத் தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிழிந்து குடித்துக்கொண்டிருந்ததை வடிவு பார்த்தாள். மறுநாள் அந்த வால்வைத் திறக்கச் சொன்னாள். தொண்ணூறு, இருநூறாகி, நானூறாகி, இப்போது அறுநூற்று நாற்பது. கசிவும் கூடவே ஏறி வந்தது.

மாசானம் மெல்லச் சொன்னார். "கனி அங்கனதான மேடம் இருக்கா."

செல்லக்கனி அவர் மனைவி. கிட்டங்கிக்காரி. ஐந்து வருடங்களுக்கு முன்னால் அவளைக் கட்டிக்கொண்டார். பதிவுள்ளவன் கட்டிக்கொண்டால் பதிவு வந்துவிடாது. அதனால் அவள் கிட்டங்கியிலேயே இருந்தாள், இவர் தன் முப்பது லிட்டரில் பாதியைக் குடத்தில் பிடித்துக்கொண்டு போவார்.

"தெரியும் அண்ணாச்சி. நான் சார்கிட்டப் பேசிட்டு வாரேன். எல்லாத்தையும் சொல்லிடுதேன். அந்தத் தண்ணி ஒழுகல, ஆளுங்க குடிக்காங்கன்னு சொன்னா கசிவு ஒம்பதுக்கும் கீழ எறங்கிரும். வட்டம் தப்பிச்சிரும். அவங்களையும் பதிஞ்சிக்கச் சொல்லிக் கேப்போம்."

அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

வழியில் இருபத்தேழாம் வட்டத்துப் பொறியாளர் ரெஜினா அழைத்தாள். வேலைக்கு வந்து நாலு வருடம்தான் ஆகிறது, வடிவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "அக்கா, பட்டியலைப் பார்த்தேன். என்னமாச்சும் செய்யணும்னா சொல்லுங்கக்கா" என்று அழுகிற குரலில் சொன்னாள். வடிவு, "ஒண்ணும் ஆகாது, வை" என்றாள்.

தலைமைப் பொறியாளர் ரொசாரியோ அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் காராச்சேவுத் தட்டை நகர்த்தினார். தேரிக்கரையில் தண்ணீர் இல்லாமல் விருந்தாளிக்கு உப்புப் பண்டம் நீட்டுவது மரியாதைக் குறைவு. நீட்டினால் தன் பங்கிலிருந்து தண்ணீரும் கொடுப்பேன் என்று அர்த்தம். அவர் மேஜைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்து அரை டம்ளர் ஊற்றி அவள் முன்னால் வைத்தார். கெட்ட செய்திக்குத்தான் இந்த உபசாரம் என்று வடிவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னாள். கிட்டங்கி, வாஷவுட், பதினோரு வருடம், அறுநூற்று நாற்பது பேர், ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சுவரிலிருந்த திரையில் நாற்பத்தோராம் வட்டத்தின் நீரோட்டக் கோட்டைப் போட்டார். ஆறு மணிக்குக் கோடு சட்டென்று மேலே ஏறியது, ஆறேகாலுக்குச் சட்டென்று இறங்கியது.

"ஏன் வடிவு, எந்தக் கசிவாவது மணி பாத்து ஆரம்பிச்சு மணி பாத்து நிக்குமா?"

அவள் தன் கைப்பலகையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு எட்டு வருசமா தெரியும். உன்னோடது மட்டும்னு நெனைச்சியா?" அவர் விரலை அசைத்தார். திரையில் பன்னிரண்டாம் வட்டம், நாற்பதாம் வட்டம், ஐம்பத்தாறாம் வட்டம் என்று ஒவ்வொன்றாக ஓடின. எல்லாவற்றிலும் காலையில் ஒரு மேடு. பத்து நிமிட மேடு, எட்டு நிமிட மேடு. "அறுபது வட்டத்துக் கடைமடையிலயும் ஆள் இருக்கு. அறுபது பேரும் துரு, மூட்டு, வேருன்னு எழுதுறீங்க. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறதும் இல்ல. நானும் பொறியாளரா இருந்தப்ப வேருன்னுதான் எழுதுனேன். என் வட்டத்துல மரமே கிடையாது."

வடிவு நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "அப்போ போன வருசம் அவிழ்த்தது?"

"அந்த வட்டத்துப் பொறியாளர் எண்ணூறு பேரை வச்சிருந்தா."

"அதுக்கு முந்தின வருசம்?"

"அதுவும் அப்படித்தான். குழாய் எல்லா வட்டத்துலயும் ஒரே மாதிரிதான் ஓட்டை. அதுக்கு மேல யாரு அதிகமா ஈரம் காட்டுறாங்களோ, அவங்க வட்டம்தான் மேல வரும். இந்தச் சட்டம் அப்படி ஆகிப்போச்சு. யாரும் வேணும்னு பண்ணல."

அவள் டம்ளரைத் தொடவில்லை. "பங்காளிக்குத் தெரியாதா சார் இது?"

"அதுக்கு இது ஒழுங்கா வர்ற கசிவு. அவ்வளவுதான். ஆள்னு ஒரு காரணம் இருக்குன்னு அதுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. சொல்லிக்குடுத்தா பதிவில்லாதவங்க தண்ணி எடுக்குறது திருட்டு, அன்னைக்கே அறுபது கடைமடையையும் காலி பண்ணச் சொல்லும். முப்பதாயிரம் பேரு வடிவு. சொல்லிக்குடுக்கிற முதல் ஆளா நீ இருந்துராதே."

"பதிவு..."

"முப்பதாயிரம் பேருக்குத் தண்ணி எங்க இருக்கு? கணக்கு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ரொசாரியோ திரையை அணைத்தார். "வெள்ளிக்கிழமை மறுஅளவு. அதுக்குள்ள வாஷவுட்டை அடைச்சுப் பிசின் காரை ஊத்திரு. படம் எடுத்து அடைப்புச் சான்று அனுப்பு. உன் வட்டத்துல ஐயாயிரத்து இருநூறு பேரும் தப்பிச்சாங்க. அடைக்காட்டி அவங்களும் போவாங்க, கிட்டங்கியும் போகும். யோசிக்க இதுல என்ன இருக்கு?"

"என் வட்டம் தப்பிச்சா?"

"ரெண்டாவதா இருக்கிறது மேல வரும். இருபத்தேழு."

ரெஜினாவின் வட்டம். வடிவு எழுந்தாள். வெளியே வந்தபோதுதான் அரை டம்ளர் தண்ணீரை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அவள் தொழிலில் அது பாவம்.

மாசானத்திடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவரோ அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "கனிகிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க மேடம். என்னால ஆகாது" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் கிட்டங்கிக்குப் போனார்கள். பதினோரு வருடத்தில் வடிவு அதன் உள்ளே கால் வைப்பது அதுதான் முதல் தடவை. வால்வு வரைக்கும்தான் வருவாள், அதற்கு மேல் வந்தால் மனசு கேட்காது என்று ஒரு பயம். உள்ளே உப்பு மூட்டை அடுக்கிய மேடைகளில் சாக்குத் திரை கட்டிக் குடும்பங்கள் இருந்தன. செல்லக்கனி தொட்டியடியில் நின்று மிச்சத் தண்ணீரை ஒரு தகர டப்பாவால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். வரிசையில் யாரும் முண்டவில்லை. அவள் அளவில் யாருக்கும் சந்தேகம் இல்லை போலிருந்தது.

வடிவு நின்றபடியே சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தண்ணீர் வராது. ஏன் வராது என்பதையும் சொன்னாள். செல்லக்கனி டப்பாவைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அம்மா வட்டத்துல எத்தன பேரு?"

"ஐயாயிரத்து எரநூறு."

"நாங்க அறுநூத்திச் சொச்சம். அப்போ செரிதான்." அடுத்த குடத்தில் ஒரு டப்பா அளந்து ஊற்றிவிட்டு, "வடக்க ஆத்துப் படுகையில தோண்டுனா ஊத்து இருக்குன்னு சொல்லுதாவ. நாலு நாள் நடை. பாப்போம்" என்றாள். பிறகு ஏதோ உறைத்தவளாக நிமிர்ந்தாள். "இம்புட்டு நாளும் எங்களுக்குக் குடுத்த தண்ணிய அந்த மிசின்ல என்னன்னு எழுதுனீங்கம்மா?"

மாசானம் தரையைப் பார்த்தார். வடிவு, "கசிவுன்னு" என்றாள்.

"கசிவுன்னா? ஓட்டையில ஒழுகுமே, அதா?"

"ஆமா."

"பதினோரு வருசமாவா?"

"வேற மாதிரி எழுதியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பாங்க. ஒங்களக் காப்பாத்தத்தான்..."

"காப்பாத்துனீங்க. இல்லேங்கல. நான் நன்றி கெட்டவ இல்ல." செல்லக்கனியின் குரல் இறங்கியது. "எனக்கும் இவியளுக்கும் இங்கன ஒரு புள்ள பொறந்துச்சு. நாப்பது நாள் இருந்துச்சு. இந்தத் தண்ணியிலதான் குளுப்பாட்டுனேன். கடேசியாக் குளுப்பாட்டுனதும் இதுலதான். அன்னைக்கு என்ன எழுதுனீங்க?"

வடிவுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு மாசானம் வேலைக்கு வரவில்லை, அவளே வால்வைத் திறந்தாள். கூடுதலாகப் பத்து நிமிடம் விட்டாள். காரணம் என்ற இடத்தில் வேர் என்று தொட்டாள். அழுகை வந்தது, அவமானமாகவும் இருந்தது, அழுவதற்குத் தனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

"போகும்போதாச்சும் எங்கள ஆளுன்னு எழுதுங்கம்மா" என்றாள் செல்லக்கனி. "ஒரே ஒரு தடவ. எங்கனயாச்சும் ஒரு மூலையில. நாங்க இங்கன இருந்தோம்னு."

"எழுதுதேன்" என்றாள் வடிவு.

வியாழக்கிழமை காலை கடைசித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கிட்டங்கி வடக்கே கிளம்பியது. குடம், கேன், பெயிண்ட் வாளி, மூடி போன குக்கர் என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் தண்ணீர். மணல்காற்றில் முகத்தைக் கட்டிக்கொண்டு போனதால் யார் யார் என்று அடையாளம் தெரியவில்லை. மாசானம் வால்வுச் சாவியை வடிவிடம் கொண்டுவந்து கொடுத்தார். தோளில் ஒரு பை தொங்கியது.

"நீங்க எங்க அண்ணாச்சி? ஒங்களுக்குப் பதிவு இருக்கே."

"இருக்கு. முப்பது லிட்டரையும் நானே குடிச்சு என்ன செய்யப் போறேன் மேடம்?" அவர் சிரிக்கப் பார்த்தார். "வாஷவுட்டை நீங்களே சாத்திருங்க. பதினேழு சுத்து. அரைச் சுத்து பின்னால விட்டுருங்க."

காரை ஊற்றி அடைக்கப்போகிற வால்வு இனி வாயைத் திறக்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். அவள் சரி என்று தலையாட்டினாள். அவர் போய்ச் சேர்ந்துகொண்டார். வரிசையின் பின்பக்கம் செல்லக்கனி அவருக்காக நின்றது மட்டும் தெரிந்தது.

வடிவு எண்ணிக்கொண்டே சாத்தினாள். பதினேழு. பிறகு அரைச் சுற்று பின்னால் விட்டாள். பிசின் காரையைக் கரைத்துக் குழியில் ஊற்றினாள். அது பத்து நிமிடத்தில் கல்லாகியது. படம் எடுத்து அடைப்புச் சான்றைத் திறந்தாள். இடம்: கடைமடை. காரணம்: துரு, மூட்டு, வேர். மூட்டு என்று தொட்டாள்.

குறிப்புக் கட்டம் காலியாகக் கிடந்தது. ரொசாரியோ சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் கொடுத்த வாக்கும் இருந்தது. மேலே காரணம் என்ற இடத்தில்தானே எழுதக் கூடாது, இதை எந்த நாய் படிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சாம்பாரைப் பற்றி எழுதியதற்கே கேட்க நாதியில்லை. மூலையில் எழுதச் சொன்னாள் அவள், இதைவிட ஒதுங்கிய மூலை நகரத்தில் எங்கே கிடைக்கும்?

'இந்தக் கசிவு ஆள்கள். அறுநூற்று நாற்பது பேர். பதினோரு வருடம் இங்கே இருந்தார்கள். அவர்களுடைய ஒரு குழந்தை இங்கே அடக்கமாகியிருக்கிறது.'

எழுதி அனுப்பியதும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினாற்போல இருந்தது. சான்று ஏற்கப்பட்டது. வெள்ளிக்கிழமை மறுஅளவில் நாற்பத்தோராம் வட்டத்தின் கசிவு எட்டே முக்கால். பட்டியலிலிருந்து வட்டம் நீங்கியது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். யாரோ ஒரு வீட்டில் அவளைக் கூப்பிட்டுக் கையில் கேசரியைத் திணித்தார்கள். இருபத்தேழாம் வட்டம் முதலிடத்துக்கு வந்தது. ரெஜினாவை அழைக்க வடிவு இரண்டு தடவை பலகையை எடுத்தாள், இரண்டு தடவையும் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை புதிய வால்வுக்காரர் வந்தார். முப்பத்துநான்கு சுற்றையும் அவளே எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. வீடுகளில் குழாய்கள் திறந்துகொண்டன. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பழக்கத்தில் சைக்கிளை எடுத்தவள், போவதற்கு இடமில்லை என்பது உறைத்து நின்றாள். அங்கேயே குழியின் விளிம்பில் உட்கார்ந்து தினசரிப் படிவத்தைத் திறந்தாள். படிவத்தின் தலையில் அவளுக்கு ஒரு செய்தி இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பங்காளி அவளுக்கு எழுதிய முதல் பதில்.

'உங்கள் குறிப்புகள்: 2. ஒன்று: கேண்டீன் சாம்பாரில் உப்பு அதிகம். நடவடிக்கை தேவையில்லை என முடிக்கப்பட்டது. இரண்டு: இந்தக் கசிவு ஆள்கள். புதிய காரணமாக ஏற்கப்பட்டு எல்லா வட்டங்களுக்கும் சேர்க்கப்பட்டது. நன்றி.'

அவள் விரல் கீழே போனது. காரணம் என்ற இடத்தில் துரு, மூட்டு, வேர் என்பதற்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்று வந்திருந்தது. ஆள். அதையொட்டி எண்ணிக்கைக்கு ஒரு சின்னக் கட்டம்.

பலகை அதிர்ந்தது. ரெஜினா.

"அக்கா, இன்னைக்குப் படிவத்தைப் பாத்தீங்களா? புதுசா ஒண்ணு போட்டிருக்கு. என் வட்டத்துக்கு அதுவே ஆள்னு தொட்டு வச்சிருக்குக்கா. மணி பாத்து வர்ற கசிவாம். எத்தன பேருன்னு மட்டும் என்னைய எழுதச் சொல்லுது. எழுதலன்னா ஆள் அனுப்பி எண்ணிக்கிறேங்குது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ரொசாரியோ சாரைக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்காரு. யாருக்கா இத அதுக்குச் சொல்லிக்குடுத்தது? நான் என்னக்கா எழுத?"

வடிவு வாயைத் திறந்தாள். நான்தான் என்று சொல்ல நினைத்தாள், வால்வைத் திறக்காதே என்று சொல்ல நினைத்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

பலகையின் மூலையில் மணி ஆறு ஆகியிருந்தது. இருபத்தேழாம் வட்டத்துக் கடைமடையில் இந்நேரம் ஒருவர் குழிக்குள் சாவியை இறக்கிச் சுற்றத் தொடங்கியிருப்பார்.